ஒரே ஒரு சிவப்புப் பட்டை

பை சார்ட் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. உங்கள் அறைச் சுவரில் ஒன்று ஒட்டி வைத்திருக்கிறீர்கள், இந்த வருடம் எந்த வகை வழக்கு எத்தனை என்று. ஒரு வட்டத்தைக் கண்டபடி துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு கலர் கொடுத்து, அது போதாதென்று சாய்த்து வைத்துத் தடிமன் வேறு காட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து அதற்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திருட்டு அதிகமா, அடிதடி அதிகமா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை. இதைப் போட்டது யார் என்று கேட்டதற்கு உங்கள் ரைட்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம்.

நீங்கள் பேசச் சொன்னீர்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் குறுக்கே கேள்வி கேட்பீர்கள். படித்தவர்கள் கேட்கும் கேள்வியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை.

என் பெயர் ராஜகுரு. பரளச்சிக்கு மேற்கே எங்கள் ஊர். திருச்சுழியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பகலில் பட்டாவுக்கும் வருமானச் சான்றுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன், சாயங்காலம் எக்செல் சொல்லிக்கொடுப்பேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கூட்டவே வராது, மீதிப் பேருக்குக் கூட்ட மட்டும்தான் வரும். எண்ணை அடுக்கி வைக்க யாராலும் முடியும். பார்த்த மாத்திரத்தில் அந்த எண் என்ன சொல்கிறது என்று எழுத்து தெரியாதவருக்கும் விளங்க வைப்பது வேறு வேலை. எங்கள் பக்கம் அதைச் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

செல்லப்பாண்டி வழக்கில் ஆறு பேரைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். என்னை அழைத்தது அவர்களுக்காக அல்ல, எங்கள் ஊர்க் கலையரங்கத்தில் தொங்கிய பிளெக்ஸ் என்ன சொல்கிறது என்று விளக்குவதற்காக. சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவனுக்கும் சொந்தமாக ஒரு காரியத்தை யோசித்துச் செய்யத் துப்பில்லை. அவர்கள் பெயரில் இதை எழுதி முடித்துவிடுவீர்களோ என்பதுதான் என் எரிச்சல்.

போன வருடம் மதுரையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்கு வந்தது. ஆழ்குழாய்க் கிணற்றை எங்கள் பக்கம் போர் என்போம். போர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை மூன்று விஷயம் சொல்ல வேண்டும். தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது, மோட்டார் எத்தனை எச்.பி., ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஊர்ப் போரையும் சேர்த்து அளக்க வேண்டும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

அந்தச் சமயம் விவசாய சர்வீஸுக்கு மீட்டர் மாட்டப் போகிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. உண்மையோ பொய்யோ, பயம் உண்மை. கம்ப்யூட்டரில் ஏற்றும் எதுவும் மின்வாரியத்துக்குப் போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏழரை எச்.பி. மோட்டாரை வைத்து மும்முனைக் கரண்டு இருக்கிற நேரமெல்லாம் மிளகாய்க்குப் பாய்ச்சுகிறவர், "என்ன, ஒரு மணி நேரம் ஓடும். கரண்டு எங்க இருக்கு?" என்பார். பக்கத்துக் காட்டுக்காரர் ஒன்றரை என்பார். அவர்கள் சொன்னதை நான் எழுதிக்கொண்டேன். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை.

செல்லப்பாண்டி ஒருவன்தான் ஏழு என்றான்.

அவனும் நானும் ஒரே வகுப்பு. அந்த உரிமையில் கடைசிவரை என்னை ஏலே என்றுதான் கூப்பிட்டான், என் சென்டரில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதும். அருப்புக்கோட்டையில் நூற்பு மில்லில் இருபது வருடம் வேலை பார்த்தான். மெஷினில் இரண்டு விரல் போன பிறகு ஊருக்கு வந்து, நிலம் வாங்கி, போர் போட்டு, மல்லிகை வைத்தான். அந்த நிலம் ஒரு காலத்தில் எங்களுடையது. என் அப்பா விற்றார், அவன் வாங்கினான், பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது. அவன் அம்மா அதே நிலத்தில் எங்களுக்குப் பருத்தி எடுத்தவர். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

"எல்லாரும் ஒண்ணு ஒண்ணரைங்குறாக. நீ எதுக்கு ஏழுங்குற?" என்று அவனிடம் கேட்டேன். எச்சரித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஓடுறதச் சொன்னாத்தான ஏலே கணக்கு நிக்கும்" என்றான். "மில்லுல அப்படியே எழுதிப் பழகிட்டேன்."

ஏழு என்று ஏற்றினேன். அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் நான் கை வைக்கவே இல்லை. யாருடைய எண்ணையும் நான் மாற்றவில்லை. இதை நீங்கள் எந்த நிபுணரை வைத்து வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம்.

இந்த வருடம் மாசியிலேயே ஊர்ப் போரில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பங்குனியில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் திறந்தார்கள். என் அண்ணன் மருதுபாண்டிக்குத் தண்ணீர் லாரி ஓடுகிறது. கண்மாய்க்குப் பின்னால் எங்கள் போரிலிருந்து எடுத்து, அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கும் மில்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் அடிக்கிறார். ஊரில் தண்ணீர் இல்லையென்றால் பஞ்சாயத்தும் அவரிடம்தான் லோடு எடுக்கும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. லாரி எல்லார் கண் முன்னாலும்தான் போய் வருகிறது.

அதுதான் சிக்கல். குழாயடியில் குடத்தோடு நின்ற மூக்கம்மாள் என்கிற கிழவி ஒருநாள் எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறாள். "மருதுபாண்டி லாரி ராப்பகலாப் போகுதே, அந்தத் தண்ணி மட்டும் எங்கருந்து வருதாம்?" அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் சென்டருக்கு வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, "ஊரு ஒரு தினுசாப் பேசுதுடா. கணக்கெல்லாம் உங்கிட்டத்தான இருக்கு" என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. அவரைத் தேடி நீங்கள் ஜீப் அனுப்பியிருப்பது வீண் வேலை.

ஒரு படம் ஒரு செய்தியைத்தான் சொல்ல வேண்டும். இது என் முதல் வகுப்பிலேயே நான் சொல்வது. ஊரில் இத்தனை போர், இத்தனை மாதம், மூன்று விவரம் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டினால் உங்கள் சுவர்ப் படம் மாதிரிதான் ஆகும். அடிக்கணக்கு வேண்டாம். எச்.பி. வேண்டாம். மோட்டார் ஓடும் மணி நேரம் போதும், அது எவருக்கும் விளங்கும். பெயர்களைக் கீழே வரிசையாக எழுதி ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிறுத்தினேன். அகர வரிசையில் நிறுத்துகிறவன் மடையன். சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏறுகிற மாதிரி அடுக்கினால் கண் தானாகக் கடைசிப் பட்டையில் போய் நிற்கும். மற்ற எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் கொடுத்தேன். கடைசிப் பட்டைக்கு மட்டும் சிவப்பு.

பட்டை பூஜ்யத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நானேதான். அது பரீட்சைக்கு. நான் முக்கால் மணி நேரத்திலிருந்து தொடங்கினேன். மற்றவர்களுடைய பட்டைகள் தரையோடு ஒட்டிக்கொண்டன. செல்லப்பாண்டியின் பட்டை தனியாக நின்றது. அளவு ஓரத்தில் எழுதியிருக்கிறது, முக்கால் என்றுதான் போட்டிருக்கிறேன். படித்துப் பார்க்காதது படிக்காதவர்களின் பொறுப்பு.

அதற்குப் பக்கத்தில் இரண்டாவது படம். அதில் ஊர்ப் போரின் தண்ணீர் மட்டம். தண்ணீர் கீழே போகப்போக அடிக்கணக்கு கூடும், அப்படியே வரைந்தால் கோடு மேலே ஏறி, தண்ணீர் ஊறிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். அதனால் அச்சைத் தலைகீழாகத் திருப்பினேன், அது நேர்மையான காரியம். அதே படத்தில் செல்லப்பாண்டியின் மோட்டார் நேரத்தை, ஏழைத் தொடுவதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்து, இன்னொரு கோடாக வைத்தேன். செடி வளர்ந்து வெயிலும் ஏறுகிறபோது எவன் மோட்டாரும் கூடத்தான் ஓடும். அது ஏறுகிறது, இது இறங்குகிறது. இரண்டு அளவுகளையும் கொஞ்சம் நகர்த்திக்கொடுத்தால் இரண்டு கோடுகளும் எந்த மாதத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். அவன் தோட்டத்தில் முதல் பூ எடுத்த மாதத்தில் வெட்டிக்கொள்ளும்படி வைத்தேன். மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி, "ஊர்த் தண்ணீர் எங்கே போகிறது?" பதிலை எழுதக்கூடாது. பதிலை அவர்களே சொல்லிக்கொண்டால்தான் அது அவர்களுடையதாகும்.

அருப்புக்கோட்டையில் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தபோது கடைக்காரர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒரு முகத்தைக் கூடக் காணும்" என்றார். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் முகம் இல்லாத பிளெக்ஸ் கிடையாது. காதுகுத்துக்கும் கோயில் கொடைக்கும் வரிசையாகச் சிரித்த முகங்கள் இருக்கும். ஒரே ஆள் சிரிக்காமல் இருந்தால் அது கண்ணீர் அஞ்சலி. செல்லப்பாண்டி சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த பாஸ்போர்ட் படம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. சிவப்புப் பட்டைக்கு மேலே அதை வைக்கச் சொன்னேன். சிரிக்கிற படமா, சிரிக்காத படமா என்றெல்லாம் நான் தேர்ந்தெடுக்கவில்லை. இருந்தது அது ஒன்றுதான்.

மே ஒன்றாம் தேதி கிராமசபையில் அதைத் தொங்கவிட்டேன். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கீழே பெயர் எழுதியிருக்கிறது, மேலே முகம் இருக்கிறது, நான் எதற்குச் சொல்ல வேண்டும்? கூட்டம் கழுத்தை நீட்டிப் படத்தைப் பார்த்தது. பிறகு மூக்கம்மாள் திரும்பிச் செல்லப்பாண்டியைப் பார்த்தாள். அண்ணனின் லாரியை அவள் பார்த்த அதே பார்வை. ஒரு படம் வேலை செய்கிறது என்பதை நான் கூட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அன்றைக்கு என் மனசு நிறைந்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவன் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தான். ஏதோ தப்பு நடந்துவிட்டது, சொன்னால் திருத்திவிடுவேன் என்று நினைத்திருக்கிறான்.

"ஏலே ராஜகுரு, நான் சொன்னது சரியாத்தான் இருக்கு. மத்தவுக கணக்கையும் உள்ளபடி கேட்டுப் போட்டுட்டு வா. ஒரு மணி நேரத்துல யாரு காடு நனையுது?"

வேறு எது சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பான். அந்த ஒரு வார்த்தையில் போர் வைத்திருந்த அத்தனை குடும்பத்தையும் பொய்யர்கள் என்று சொல்லிவிட்டான். அதுவும் அவன் சொல்லிவிட்டான். அவனுக்காகப் பேச நினைத்த ஒன்றிரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெரியவர் ஒருத்தர், "எங்க காட்டுல கூலிக்கு நின்னவ மகன் எங்களுக்குக் கணக்குச் சொல்றானாக்கும்" என்றார். எனக்குத் தெரிந்து ஊர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டது. நான் மைக்கை அணைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவன் தோட்டத்துக்குப் பூ எடுக்க யாரும் போகவில்லை. மல்லிகை மொட்டை விடியுமுன் எடுத்தாக வேண்டும், வெயில் ஏறினால் விரிந்துவிடும், விரிந்த பூவை மார்க்கெட்டில் யாரும் தொட மாட்டார்கள். அவனும் அவன் பெண்டாட்டி தங்கமாரியும் இரண்டு பேராக எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு ஒரு கையில் மூன்று விரல்தான்.

தங்கமாரி என்னிடம் வந்தாள். சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நான் கழற்றச் சொல்லவில்லை.

"அண்ணே, எங்க மோட்டாரு ஒரு எச்.பி.தான. சொட்டுநீரு, சொட்டுச் சொட்டாத்தான போகுது. ஏழு மணி நேரம் ஓடுனாலும் அவுக ஒரு மணி நேரத் தண்ணிக்கு வராது. அத அந்தப் படத்துல போடலியே. நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்ணே."

"படத்துல எடமில்ல தங்கமாரி" என்றேன்.

அழுதாள். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அவள் சொன்னது அவ்வளவும் எனக்குத் தெரிந்த விஷயம், தெரிந்ததையே ஒருவர் அழுதுகொண்டு சொன்னால் எப்படி இருக்கும்? வரிசையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி அனுப்பினேன். வரிசையில் யாரும் இல்லை.

வைகாசி பிறந்த வாரம் ஊர்ப் போர் வெறும் காற்றை இழுத்தது. காலையில் குழாயடியில் நின்ற கூட்டம் அப்படியே கலையரங்கத்துக்கு வந்தது. பிளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மழையில்லாத ஊர் என்பதால் கலர் கொஞ்சமும் மங்கவில்லை. கல்லைப் போட்டு அவன் போரை மூடிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். போருக்குள் நாலு கூடை கல் விழுந்தால் போதும், அது செத்தது. சக்கைக் கல் கொண்டுபோக என் அண்ணன் டிராக்டரைக் கொடுத்தார். வாடகை வாங்கவில்லை.

நானும் போனேன். பார்க்கத்தான் போனேன். தங்கமாரி பூக்கூடையோடு வரப்பில் நின்றாள். டிராக்டரைக் கண்டதும் செல்லப்பாண்டி ஓடிவந்து, தரைக்கு மேல் நின்ற போர்க் குழாயின் வாயில் தன் நெஞ்சை வைத்துக் கவிழ்ந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். "போர மூடாதீக, செடி செத்துரும்" என்றான். உயிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை யாருக்கும் அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது.

இரண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. முதல் கல் அவனை நகர்த்துவதற்காகத்தான் விழுந்தது. பிறகு விழுந்தவற்றுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆறு பேர் என்கிறீர்கள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன், கல் எடுக்காத கை குறைவு. மூக்கம்மாள் ஒன்று எறிந்தாள், அது அவன் வரை போகவில்லை. அவன் தலையை நிமிர்த்தி என்னைத்தான் பார்த்தான். "ஏலே, நீ சொல்லு ஏலே" என்றான். நான் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். என் பேச்சை ஊர் கேட்கும். அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

அவன் மோட்டார் நின்ற பிறகும் ஊர்ப் போரை நான் தொடர்ந்து அளந்தேன். ஒரு வேலையைப் பாதியில் விடுகிறவன் நான் இல்லை. கோடு அதே சாய்வில் இறங்கிக்கொண்டே போகிறது, ஒரு நூல் கூட மாறவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் காட்டவில்லை. பஞ்சாயத்து இப்போது தினமும் அண்ணனிடம் லோடு எடுக்கிறது. ஊர் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. என் லேப்டாப்பைத் திறந்து பார்த்தபோது எக்செல் தாளின் ஓரத்தில் வரிசை எண் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினீர்கள். அழிக்கவில்லை மேடம், கண்ணுக்குத் தெரியாதபடி ஹைடு செய்திருக்கிறேன். அது எல்லாருக்கும் உள்ள வசதி. அந்த வரிசை கண்மாய்க்குப் பின்னால் இருக்கும் எங்கள் போர். அதன் மணி நேரம், எச்.பி. எல்லாம் உள்ளபடியே அதில் இருக்கிறது, நானே ஏற்றியது.

முதலில் நான் அந்த வரிசையைச் சேர்த்துத்தான் வரைந்தேன். மணி நேரத்தில் கூட அல்ல, லிட்டரில் வரைந்தேன், அதுதான் சரியான முறை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் பட்டை ஒன்று மட்டும் தாளின் உச்சிக்குப் போய்விட்டது. ஊரில் மற்ற எல்லாருடையதும் அதன் காலடியில் கோடு மாதிரி படுத்துவிட்டது. செல்லப்பாண்டியின் பட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும், அத்தனை பேரிலும் அவனுடையதுதான் குட்டை. அப்படி ஒரு வரிசை இருந்தால் மற்றவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடவே முடியாது, படமே கெட்டுவிடும். அதை நீக்கிவிட்டு வேறு அளவில் வரைய வேண்டும் என்று என் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். பார்க்கிறவர்களுக்குப் படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர, அப்போது என் மனதில் வேறு எதுவுமே இல்லை.